அப்புச்சியின் கிணற்று நோட்டு



இன்றைக்கு ஏப்ரல் 14. விடிந்ததிலிருந்து சித்திரைக் கனித் தட்டுப் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். பதில் போடத் தாமதமானதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இந்த நாளன்று சாயங்காலம் நாலு மணி வரை பலகாரம் கிடையாது. பிள்ளையாக இருந்தபோது எனக்கு இது பெரிய வருத்தம். பக்கத்து வீட்டில் ஒப்பிட்டு மணக்கும். எங்கள் வீட்டில் அப்புச்சி திண்ணையில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பார். காக்கிச் சட்டை, காலையில் குடித்த ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். நாலு மணி தாண்டியதும் எழுந்து கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவிவிட்டு, "செரி, எலையப் போடுங்க" என்பார்.

அப்புச்சி என்றால் என் அம்மாவின் அப்பா. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கொங்குப் பக்கம் அப்பாவின் அப்பாவை அப்பாரு என்போம், அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்போம். என் அப்புச்சி கோயமுத்தூரில் ஃபயர் சர்வீஸில் ஃபயர்மேனாகச் சேர்ந்து லீடிங் ஃபயர்மேனாக ஓய்வு பெற்றவர். நான் முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினேன். பானிப்பட் யுத்தம் மூன்றையும் தேதியோடு சொல்வேன். என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த சரித்திரத்தை ஒரு வகுப்பில்கூட எடுத்ததில்லை. அந்தக் கடனைக் கொஞ்சம் தீர்க்கத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அந்த நாலு மணிக் கதையிலிருந்து தொடங்குகிறேன். 1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டைக்கின் என்ற சரக்குக் கப்பல் நின்றிருந்தது. இரண்டாம் உலகப்போர் நடக்கிற காலம். இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டிலிருந்து சுமார் 1,400 டன் வெடிமருந்தோடு கிளம்பி, கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சு பேல்களையும் ஏற்றிக்கொண்டு வந்த கப்பல். வெடிமருந்தும் பஞ்சும் ஒரே கப்பலில்! தங்கக் கட்டிகளும் இருந்தன என்பது தனிக்கதை. அபாயச் சரக்கு இருந்தால் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும் என்பது விதி. ஏற்றவில்லை. மத்தியானம் இரண்டாம் அறையிலிருந்து புகை வந்தது. பம்பாய் தீயணைப்புப் படை வந்து நூற்றுக்கணக்கான டன் தண்ணீரை உள்ளே இறைத்தது. பஞ்சு அடியில் கனன்றுகொண்டே இருந்தது. கப்பலின் இரும்புச் சுவர் கைவைக்க முடியாதபடி கொதித்தது. 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடி. சுமார் அரை மணி நேரம் கழித்து அதைவிடப் பெரிய இரண்டாவது வெடி. நூற்றுக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள்.

அந்த 66 பேருக்காகத்தான் இன்றைக்கும் நாடு முழுவதும் ஏப்ரல் 14-ஐத் தீயணைப்போர் தினமாகவும், 20 வரை வாரமாகவும் அனுசரிக்கிறார்கள். போர்க்காலத் தணிக்கையால் அந்தச் செய்தியே பத்திரிகைகளில் வெளிவரச் சில வாரங்கள் ஆனது. அப்புச்சிக்கு அதைச் சொன்னது, சென்னையில் பயிற்சி கொடுத்த ஒரு வாத்தியார். "வெடி மருந்தால அவங்க சாகுல அம்மிணி, பஞ்சுல செத்தாங்க" என்பார் அப்புச்சி. சின்ன வயதில் எனக்கு இது புரியவில்லை. பஞ்சா ஆளைக் கொல்லும்?

புரிய வேண்டுமென்றால் கோயமுத்தூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1888-ல் ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை இங்கே தொடங்கியது. அப்புறம் காளீஸ்வரா மில். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்கள் மளமளவென்று முளைத்தன. நிலங்களில் கம்போடியா பருத்தி, திருப்பூரிலும் அவிநாசியிலும் ஜின்னிங் ஃபேக்டரி, கோயமுத்தூரில் மில். ஊர் முழுக்கப் பஞ்சு. 1917-ல் பிறந்த அப்புச்சி பதினாலு பதினைந்து வயதில் ஒரு மில்லில் ப்ளோ ரூமில் வேலைக்குப் போனவர். பேலைப் பிரித்துப் பஞ்சை உதறுகிற இடம் அது. பஞ்சோடு ஒரு கல்லோ ஆணியோ உள்ளே போய் மிஷினில் உரசினால் போதும், ஒரு பொறி. காற்றே பஞ்சாக இருக்கிற அறையில் அந்தப் பொறி என்ன செய்யும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருநாள் இடது காது மடல் கருகியது. ஃபயர் சர்வீஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் கேள்விப்பட்டபோது, "ஏற்கெனவே வெந்தவன், பயம் உட்டுப் போச்சு" என்று சொல்லிப் போய்ச் சேர்ந்தாராம். (மில் சம்பளத்தைவிட சர்க்கார் சம்பளம் நிச்சயமானது என்பதுதான் காரணம் என்று அம்முச்சி சொல்வாள். எனக்கு அம்முச்சி சொன்னதில்தான் நம்பிக்கை.)

பஞ்சுத் தீயைப் பற்றி அவர் சொன்னது இது. ஓலைத் தீ கண்ணுக்குத் தெரியும். பஞ்சுத் தீ தெரியாது. 170 கிலோ பஞ்சை அழுத்திக் கட்டின பேலின் மேலே தண்ணீர் அடித்தால் மேல் தோல் நனையும். உள்ளே தீ எலி வளை போல வழி செய்துகொண்டு போகும். இரண்டு நாள், மூன்று நாள் கழித்து, எல்லோரும் வீட்டுக்குப் போனபின் மறுபடி எரியும். அதனால் ஒவ்வொரு பேலாக வெளியே உருட்டி, கட்டை அறுத்து, பிரித்து, கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் குடித்த பேல் உப்பி, கோடவுன் சுவரையே வெளியே தள்ளிவிடும் என்பதும் உண்டு. எண்ணெய் பட்ட பஞ்சு யாரும் பற்றவைக்காமலே தானாகச் சூடேறிப் பற்றும். "தீ அணைஞ்சுதுன்னு தீ வந்து சொல்லாது. தொட்டுப் பாத்தவந்தான் சொல்லோணும்" என்பார். அவர் கை விரல்கள் பத்தும் மரக்கட்டை போல இருக்கும். சுடுகிற தோசைக்கல்லிலிருந்து தோசையைக் கையால் எடுப்பார்; நாங்கள் வாயைப் பிளந்து பார்ப்போம்.

பல வருடம் கழித்து நான் படித்த ஒன்று. எடின்பரோவில் 1824-ல் நகரத்துக்கென்று முறையான தீயணைப்புப் படையைக் கட்டியமைத்த ஜேம்ஸ் பிரெய்ட்வுட், பிறகு லண்டனுக்குப் போனவர், 1861 ஜூன் 22 அன்று தேம்ஸ் கரையில் டூலி தெருக் கிடங்குகள் எரிந்தபோது சுவர் விழுந்து இறந்தார். கிடங்குகளில் என்ன இருந்தது தெரியுமா? சணல், பருத்தி, சர்க்கரை, கொழுப்பு. அந்தத் தீ முழுதாக அடங்க இரண்டு வாரம் பிடித்தது. இதைப் படித்தபோது அப்புச்சி உயிரோடு இல்லை. இருந்திருந்தால் "நாஞ் சொன்னேனல்ல" என்றிருப்பார்.

சினிமாவுக்கு மட்டும் எங்களைக் கூட்டிக்கொண்டு போகவே மாட்டார். கோயமுத்தூர் ஒரு காலத்தில் சினிமா ஊர் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சாமிக்கண்ணு வின்சென்ட்டின் வெரைட்டி ஹால், அப்புறம் சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டில் செய்தது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும். எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. 1950-களில்தான் எளிதில் தீப்பிடிக்காத ஃபிலிம் பரவலாக வந்தது. அப்புச்சிக்கு அந்தப் பயம் போகவில்லை. டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளுக்குச் சோதனைக்குப் போகும்போது, சிவப்பு வாளியில் மணல் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். மணல் இருக்கும். அதன்மேல் ஒரு ஜாண் உயரத்துக்கு வெற்றிலை எச்சிலும் பீடித் துண்டும் இருக்கும். "அந்த வாளியக் கொட்டுனா தீ அணையுதோ இல்லியோ, அருவருப்புல ஓடிப்போயிரும்" என்று அவர் சொன்னால் அம்முச்சி முறைப்பாள்.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

ஃபயர் சர்வீஸ் என்றால் நெருப்பு என்று நினைக்கிறோம். அப்புச்சியைக் கேட்டால் அது தண்ணீர் உத்தியோகம். கோயமுத்தூர் டவுனுக்குள் சிறுவாணிக் குழாயும், உக்கடம், வாலாங்குளம், சிங்காநல்லூர் என்று நொய்யலின் குளங்களும் உண்டு. டவுனைத் தாண்டிக் கிழக்கே போனால்? வண்டித் தொட்டித் தண்ணீர் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் கிணறுதான் கதி. இங்கேதான் ஒரு சிக்கல். பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி அது 34 அடி. நடைமுறையில் ஒரு நல்ல பம்பு 25 அடி வரை தூக்கினால் பெரிசு. (இதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியர்.) கொங்குக் கிணறுகளோ அறுபது அடி, எண்பது அடி. பாறையை உடைத்து இறக்கின கிணறுகள். பங்குனி சித்திரையில், கூரை எரிகிற அதே மாதத்தில்தான், தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். அப்போது சின்னப் பம்பைக் கயிறு கட்டி நாலு பேர் படிவழியாகக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். படி இல்லாத கிணறு என்றால்? கவலை ஓட்டுகிறவரைக் கெஞ்சி, மாட்டைப் பூட்டி, தோல் பறியில் இறைத்து வாய்க்காலில் விட வேண்டும். அதற்குள் ஊரே எரிந்து முடிந்திருக்கும்.

அதனால் அப்புச்சி ஒரு நோட்டு வைத்திருந்தார். சர்க்கார் நோட்டு இல்லை, சொந்தக் காசில் வாங்கின நீள நோட்டு. மாடு கிணற்றில் விழுந்தது என்று கூப்பிட்டால் (பாதிக் கூப்பாடு அதுதான், நம் பக்கக் கிணறுகளுக்கு அப்போது கைப்பிடிச் சுவர் ஏது?) போகிற இடத்திலெல்லாம் குறித்துக்கொண்டு வருவார். ஊர், தோட்டத்துப் பெயர், மொத்த ஆழம், பங்குனியில் தண்ணீர் எத்தனை அடியில், படி உண்டா, வண்டி கிட்டத்தில் போகுமா, மோட்டார் இருக்கிறதா. 1951-ல் தொடங்கி 1972-ல் ஓய்வு பெறுகிற வரை. ஆறு நோட்டு. பென்சில் எழுத்து. மூன்றாம் வகுப்போடு நின்றவர், ஆனால் அடிக்கணக்கு ஒரு இடத்திலும் பிசகவில்லை.

மூன்றாவது நோட்டிலிருந்து கடைசியில் ஒரு கட்டம் கூடுகிறது. தலைப்பு: "சேரிக்கு."

அது என்ன என்று நான் அவரிடம் கேட்டது 1968 டிசம்பர் கடைசியில். எனக்குப் பன்னிரண்டு வயது, அரைப்பரீட்சை லீவு. தஞ்சாவூர் ஜில்லா கீழவெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய செய்தி பேப்பரில் வந்திருந்தது. அப்புச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அதைச் சொல்லவே இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மத்தியானம். பல்லடம் பக்கத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். சேரியில் தீ. காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. வண்டி போய்ச் சேர்ந்தபோது ஏழெட்டுக் குடிசை போய்விட்டது. தொட்டித் தண்ணீர் தீர்ந்தது. கூப்பிடு தூரத்தில் ஒரு தோட்டத்துக் கிணறு, படி உள்ள கிணறு, தண்ணீர் நல்ல மேலே. ஓஸைத் தூக்கிக்கொண்டு போனால் தோட்டத்துக்காரர் வரப்பில் நிற்கிறார். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். "அந்தக் கெணத்துத் தண்ணி அவங்களுக்குப் போற பழக்கமில்லீங்க. நாளைக்கு ஊருல ஒரு பேச்சாயிரும்." அவர் அப்புச்சிக்கு ஒரு வழியில் மாமன் முறை வேண்டும். 1938-லேயே சென்னை மாகாணத்தில் பொதுக் கிணறுகளை எல்லோருக்கும் திறக்கச் சட்டம் வந்துவிட்டது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் வரப்பில் நிற்பவர் மாமா.

அப்புச்சியும் மரியாதையாகப் பேசினார். "அவங்க எடுக்கறதில்லீங்க மாமா, சர்க்கார் பம்புதான் எடுக்குது" என்று சமாதானம் சொன்னார். ஊர்க் கவுண்டருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்தார், யோசித்தார், "செரி, எடுத்துக்கட்டும்" என்றார். பம்பு ஓடியது. தீ நின்றது. அதற்குள் இன்னும் நாலு குடிசையும், ஒரு கிழவியும், அவள் அவிழ்த்துவிடப் போன இரண்டு ஆடும்.

"பாஞ்சு நிமிசம் அம்மிணி," என்றார். "பாஞ்சு நிமிசம் நான் மொறை பேசீட்டு நின்னேன்."

துறையில் அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. குறித்த நேரத்தில் போனார், தீயை அணைத்தார், சேதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஊரில்கூட யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் நோட்டில் மட்டும் அந்தக் கிணற்றுக்கு நேரே கடைசிக் கட்டத்தில் 15 என்று இருக்கிறது. மற்ற கிணறுகளுக்கு "தருவார்", "கேக்கோணும்", "தரமாட்டார்" என்று எழுத ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் "கேக்கோணும்" என்கிற சொல்லே நோட்டில் இல்லாமல் போகிறது. ஏனென்றால் அப்புறம் அவர் கேட்பதை விட்டுவிட்டார். முதலில் ஓஸ், அப்புறம்தான் வணக்கம். தடுத்தால் தள்ளிவிட்டுப் போனார் என்று ஒருமுறை மேலே புகார்கூடப் போனது. சொந்தத்தில் சில வீடுகளில் கல்யாணப் பத்திரிகை வைப்பது நின்றது. என் சின்னம்மாவுக்கு மாப்பிள்ளை அமைய நாலு வருடம் இழுத்ததற்கு அதுதான் காரணம் என்று அம்முச்சி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. வீட்டுக்காரிதானே அதையெல்லாம் தாங்கினவள்.

அப்புச்சியை மகாத்மா ஆக்க எனக்கு ஆசையில்லை. அவர் சேரிக்காரர் வீட்டில் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த அவர் கூட வேலை பார்த்தவர்களில் சிலருக்குத் திண்ணையில்தான் காபி. அதை அவரிடம் கேட்கிற வயது எனக்கு வந்தபோது கேட்கிற தைரியம் வரவில்லை. தீ எரிகிறபோது ஒரு அப்புச்சி, எரியாதபோது இன்னொரு அப்புச்சி. இரண்டு பேரையும் தெரிந்தவள் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

இனி என் பங்குக் கதை. இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

நான் 1981-ல் வேலையில் சேர்ந்தேன். முதல் பள்ளிக்கூடம் எது என்று சொல்லப் போவதில்லை. ஒருநாள் அப்புச்சி என்னைப் பார்க்க வந்தார், கையில் மஞ்சப்பையில் கடலை உருண்டை. வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, கட்டடத்தைப் பார்த்தார். நாலு வகுப்புக்கு நீளமாக ஒரே கீற்றுக் கொட்டகை, ஒரே வாசல். ஒட்டினாற்போல் சமையல் அடுப்பு. வாசலில் பையன்கள் ஓடிப்போகாமல் இருக்க மூங்கில் படல், அதற்கு ஒரு பூட்டு. சுற்றிச் சுற்றி வந்தார். அடுப்பிலிருந்து கொட்டகை வரை காலடியால் அளந்தார். "அம்மிணி, பெரிய வாத்தியார்கிட்டச் சொல்லி அக்கட்ட ஒரு வாசல் வெக்கச் சொல்லு. அடுப்பை நகத்தச் சொல்லு. பூட்டை எடுக்கச் சொல்லு" என்றார். சரிங்க அப்புச்சி என்றேன்.

சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்தவள், வயது இருபத்தைந்து, தலைமை ஆசிரியர் கோபக்காரர். வந்த வருடமே குறை சொல்கிறாள் என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த முறை அப்புச்சி கேட்டார். "சொல்லியிருக்கேன், பாக்கறாங்களாம்" என்று பொய் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அந்த நிம்மதிதான். இரண்டு வருடத்தில் எனக்கு மாறுதல் வந்தது. அந்தக் கொட்டகைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் புண்ணியம் இல்லை. அப்புச்சி 1989-ல் தூக்கத்திலேயே போய்விட்டார்.

2004 ஜூலை 16. கும்பகோணம். சமையல் கூடத்து அடுப்பு, கீற்றுக் கூரை, போதாத வழி. 94 பிள்ளைகள். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். மற்றவர்கள் அழுதது வேறு, நான் அழுதது வேறு. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையைப் பிரிக்க உத்தரவு வந்தது. அந்த மாதம் எங்கள் பள்ளியில் சைக்கிள் நிறுத்துகிற கீற்றுக் கொட்டகையைப் பிரித்தபோது கூட நின்று ஓலை சுமந்த ஒரே ஆசிரியை நான்தான். டீச்சருக்கு என்ன வந்தது என்று பையன்கள் சிரித்தார்கள். கூரையைப் பிரித்த கையோடு பின்பக்கம் ஒரு வாசல் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நாலு தடவை. ஐந்தாவது தடவை வைத்தார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் வாயால் ஒருமுறை சொல்லியிருக்க வேண்டியது.

சென்ற மாதம் என் தம்பி மகனோடு அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் பன்னிரண்டு கிணறு. நான்கை மூடிவிட்டார்கள், ஒன்றின்மேல் கல்யாண மண்டபம். மூன்றில் குப்பை. இரண்டு இருக்கிற இடமே தெரியவில்லை. இருக்கிற மூன்றிலும் தண்ணீர் இல்லை. பக்கத்தில் போர் போட்டிருக்கிறார்கள், ஆயிரம் அடி என்றார்கள். அப்புச்சி 22 அடி, 28 அடி என்று எழுதின இடங்கள். பம்பு செய்து நாடெங்கும் அனுப்புகிற ஊர் நம்முடையது; கிணற்றில்தான் தண்ணீர் இல்லை. நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஆறு நோட்டையும் நகல் எடுத்துத் தருகிறேன். மூலத்தைத் தர மாட்டேன். "சேரிக்கு" என்கிற கட்டத்தையும் சேர்த்துத்தான் நகல் எடுக்க வேண்டும், அதை விட்டுவிட்டு எடுக்கக் கூடாது.

அந்தப் பல்லடத்துக் கிணற்றுக்கும் போனேன். இருக்கிறது. தோட்டத்துக்காரரின் பேரன் நல்ல மாதிரி, உட்காரச் சொல்லி இளநீர் வெட்டிக் கொடுத்தார். எதற்கு வந்தேன் என்று கேட்டார். எங்கள் அப்புச்சி ஒருமுறை இங்கே தண்ணீர் எடுக்க வந்திருக்கிறார், அதுதான் என்றேன். சேரி இருந்த பக்கம் இப்போது தொகுப்பு வீடுகள், கான்கிரீட் கூரை. அந்தக் கிழவியின் பெயரைக் கேட்டுப் பார்த்தேன். ஒரு பெரியவருக்குத் தீ நினைவிருக்கிறது, ஆடு நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை. விசாரித்துச் சொல்வதாக என் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார்.

மணி மூன்றேமுக்கால் ஆகிறது. பேரன் இரண்டு முறை வந்து பாயசம் எப்போது என்று கேட்டுவிட்டான். இன்னும் இருபது நிமிடம் கண்ணு என்றேன். ஏன் என்று கேட்கிறான். போய்ச் சொல்ல வேண்டும்.